மருந்துக்கு அடங்காத கிருமி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால்

[திரை: ஐசியூ வார்டின் வரைபடம். ஒரு கட்டில் மட்டும் சிவப்பு.]

2011 ஜூன் 13. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பெதெஸ்டா. அங்கே அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி மருத்துவமனைக்கு, நியூயார்க்கிலிருந்து ஒரு பெண் நோயாளி வந்து சேர்கிறார். அவர் உடலில் க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா இருக்கிறது. கையில் இருக்கும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அது அசைந்து கொடுக்காது.

யாரும் அசட்டையாக இருக்கவில்லை. வந்த அன்றே விஷயம் தெரியும். அவரைத் தனிமைப்படுத்தினார்கள். அறைக்குள் போகிற எல்லோரும் கவுனும் கையுறையும் போட்டாக வேண்டும் என்றார்கள். ஐசியூவில் இருந்த மற்ற நோயாளிகளையும் சோதித்தார்கள். யாரிடமும் கிருமி இல்லை. ஜூலை 15 அன்று அந்தப் பெண் உடல் தேறி டிஸ்சார்ஜ் ஆனார்.

சரி, தப்பித்தோம் என்றுதானே நினைப்போம்?

[திரை: ஆகஸ்ட் 5. இன்னொரு கட்டில் சிவப்பாகிறது.]

மூன்று வாரம் கழித்து வேறொரு நோயாளியிடம் அதே வகைக் கிருமி. அப்புறம் இன்னொருவர், அடுத்து இன்னொருவர். ஆண்டு முடிவதற்குள், முதல் நோயாளியையும் சேர்த்து 18 பேரிடம் அது இருந்தது. 11 பேர் இறந்தார்கள். அதில் 6 மரணங்களுக்கு நேரடிக் காரணம் இந்தக் கிருமிதான். மற்றவர்களை அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோயே கொண்டுபோனது.

[திரை: பாக்டீரியா அனிமேஷன்.]

இந்தக் கிருமி கேபிசி என்ற நொதியைத் தயாரிக்கிறது. வேறெதுவும் கேட்காதபோது டாக்டர்கள் எடுக்கும் கார்பபெனம் மருந்துகளையே அந்த நொதி வெட்டிப் போட்டுவிடும். மிச்சம் இருந்தவற்றில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஓரங்கட்டிய மருந்து அது. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள். சில நோயாளிகளிடம் கிருமி அதையும் எதிர்க்கப் பழகிக்கொண்டது.

ஆனால் மருத்துவர்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி வேறு. நடுவில் அந்த மூன்று வாரம் கிருமி எங்கே இருந்தது? முதல் நோயாளியும் ஆகஸ்ட்டில் அகப்பட்டவரும் ஒரே நேரத்தில் ஐசியூவில் இருக்கவே இல்லை. ஒருவேளை இது வெளியிலிருந்து புதிதாக வந்த வேறு கிருமியோ?

[திரை: ஓலைச்சுவடிகள், பக்கத்தில் மரபணு எழுத்துகள்.]

இந்த இடத்தில்தான் மரபணு ஆய்வாளர்களான ஈவன் ஸ்னிட்கினும் ஜூலி சீக்ரேயும் கைகொடுத்தார்கள். ஒரு நூலை ஏடு பார்த்து ஏடு எழுதும்போது பிழைகள் சேரும். எந்தப் பிழை எந்தச் சுவடியில் இருக்கிறது என்று பார்த்தால், எதைப் பார்த்து எதை எழுதினார்கள் என்று சொல்லிவிடலாம். கிருமிக்கும் அதே கணக்குதான். சுமார் 60 லட்சம் எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத் தொகுப்பில், நோயாளிக்கு நோயாளி மாறியிருந்தது நாற்பது சொச்சம் எழுத்துகள் மட்டுமே. அந்தச் சின்ன வித்தியாசங்களை வைத்தே பரவிய பாதையை வரைந்துவிட்டார்கள்.

விடை சங்கடமானது. எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து வந்ததுதான். அதுவும் ஒருமுறை அல்ல, மூன்று தனித்தனிச் சந்தர்ப்பங்களில் தாவியிருக்கிறது. அத்தனை கவுனையும் கையுறையையும் தாண்டி! யார் யாருக்குக் கொடுத்தார் என்ற வரிசையும், யார் முதலில் சோதனையில் அகப்பட்டார் என்ற வரிசையும் ஒத்துப்போகவில்லை. காரணம், சிலர் காய்ச்சலோ வலியோ இல்லாமல் குடலில் அதைச் சுமந்துகொண்டிருந்தார்கள். வேறு ஏதோ தொற்றுக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் குடலில் உள்ள சாதுவான பாக்டீரியாக்களை அழிக்கும். காலியான இடத்தில் இது பெருகும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

நோய் வந்தவரைத் தேடினால் போதாது, சும்மா சுமப்பவரைத் தேட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆரம்பத்தில் தொண்டையிலும் இடுப்பு மடிப்பிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார்கள். பிறகு ஆசனவாய்ப் பக்கம் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் ஐசியூ, அப்புறம் மருத்துவமனை முழுக்க. கூச்சம் தரும் சோதனைதான். ஆனாலும் குடலில் ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

[திரை: ஐசியூவுக்குள் எழும் சுவர்.]

இதன் பிறகு அவர்கள் செய்தவற்றைப் படித்தால் மருத்துவம் மாதிரியே இருக்காது, கொத்து வேலை மாதிரி இருக்கும். கிருமி உள்ளவர்களை வேறாக வைக்க ஐசியூவில் சுவர் கட்டினார்கள். அங்கே வேலை செய்பவர்கள் மற்ற பக்கம் போகக் கூடாது. காலி அறைகளை அடைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியை நிரப்பினார்கள். சுத்தம் செய்து வைத்திருந்த ஒரு வென்டிலேட்டரில்கூட கிருமி இருந்தது. சிங்க்கின் வடிகாலிலும் இருந்தது; அந்தக் குழாய்களையே பிடுங்கி எறிந்தார்கள்.

சிங்க் விஷயத்தில் கொஞ்சம் நிற்போம். கை கழுவத்தானே சிங்க்? அதன் அடியில் வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். அங்கே பாக்டீரியா வழவழப்பான படலமாக ஒட்டி வளரும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒளிரும் ஈ.கோலை பாக்டீரியாவை வைத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான ஆய்வு அது. படலம் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வேகத்தில் குழாய்ச் சுவரில் மேலேறியது. வடிகால் மூடிக்கு வந்துசேர்ந்த பிறகு மேலே உள்ள தண்ணீர்க் குழாயைத் திறந்தபோது, தண்ணீர் தெறித்து முக்கால் மீட்டர் தூரம் வரைகூடப் பரப்பியது. சிங்க் ஓரமாக மருந்து ட்ரேயை வைக்காதே என்று சீனியர் நர்ஸ் அதட்டினால், அது வெறும் கெடுபிடி அல்ல.

[திரை: அறை வாசலில் நிற்கும் ஒருவர்.]

இத்தனையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது, கேட்டால் சிரிப்பு வரக்கூடிய ஒரு ஏற்பாடு. வாசலில் ஆள் நிறுத்தினார்கள். இரவு பகலாக ஷிஃப்ட் போட்டு. அவர்களுடைய ஒரே வேலை, உள்ளே போகிறவர் கை கழுவினாரா, கவுன் போட்டாரா என்று பார்ப்பது. பெரிய டாக்டராகவே இருந்தாலும் நிறுத்துவது. எல்லா மருத்துவமனையிலும் கை கழுவச் சொல்லி போஸ்டர் இருக்கும். ஆனால் பதினோராவது மணி நேர டூட்டியில், அலாரம் அடிக்கும்போது போஸ்டர் யாரையும் நிறுத்தாது. ஒரு ஆள் நிறுத்துவார். மரபணு வரைபடத்தைப் பத்திரிகைகள் கொண்டாடின, அது நியாயம்தான். ஆனால் வரைபடம் வழியைக் காட்டியது, பரவலை நிறுத்தியது சுவரும் பஞ்சுக்குச்சியும் வாசலில் நின்ற ஆளும்தான்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆய்வுக் கட்டுரை 2012 ஆகஸ்ட்டில் வெளிவந்த பிறகுதான் வெளியுலகத்துக்கே இது தெரிந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று உள்ளூரில் கோபப்பட்டார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது: நோயாளிகள் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்துகொண்டே இருக்கும்போது, கிருமி இருக்கும் செய்தி கூடவே போகாவிட்டால் அடுத்த மருத்துவமனை எதைத் தேடும்?

[திரை: 2012 காலண்டர்.]

2011 டிசம்பருக்குப் பிறகு புதிய தொற்று நின்றது. ஆனால் அடுத்த ஆண்டு இன்னொரு நோயாளிக்கு அங்கேயே அதே கிருமி தொற்றி, செப்டம்பரில் அவர் இறந்தார். பஞ்சுக்குச்சிச் சோதனையை அவர்கள் நிறுத்தவில்லை.