60 மில்லி பாட்டில், 24 நாளில் காலி

வணக்கம் மக்களே. இன்றைக்கு லைட்டை வேண்டுமென்றேதான் மேலே மாட்டியிருக்கிறேன். இதோ குனிகிறேன், பாருங்கள். நெற்றி ஏறவில்லை, உச்சியில் சொட்டையும் இல்லை, ஆனால் எந்தப் பக்கம் வகிடு எடுத்தாலும் மண்டைத்தோல் தெரிகிறது. "அண்ணா, எதற்குத் தொப்பி?" என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

டெங்கு வீடியோ நினைவிருக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இட்லியைத் திட்டினேனே. அதற்கு இரண்டரை மாதம் கழித்து குளியலறைத் தண்ணீர் போகாமல் நின்றது, அவ்வளவு முடி. முதலில் ஒரு ஹேர் கிளினிக்குப் போனேன், பெயர் வேண்டாம். பத்தாவது நிமிடத்தில் பி.ஆர்.பி., அதாவது நம்ம ரத்தத்தையே எடுத்துப் பிரித்து மண்டையில் ஊசி போடுவது. ஆறு தடவை 54,000 ரூபாய், இன்றைக்கே கட்டினால் 48,000, ஷாம்பூ கொசுறு. மண்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை! இந்த 'இன்றைக்கே' வியாபாரம் எனக்கு ஆகாது, ஃப்ரிட்ஜ் வாங்கிய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் ஸ்கின் டாக்டர். ஃபீஸ் 500. டெர்மோஸ்கோப் என்ற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், தடித்த முடிக்கு நடுவே நூல் மாதிரி இளைத்த முடியும் நிற்கிறது. எனக்கு இரண்டு பிரச்சினை சேர்ந்திருக்கிறதாம். காய்ச்சலில் வளர்ச்சி நின்றுபோன முடி இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும், அது பெரும்பாலும் தானாக முளைத்துவிடும். இளைப்பது பரம்பரை, டி.ஹெச்.டி. ஹார்மோன் வேலை, அது தானாகத் திரும்பாது. ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை அந்த ஹார்மோனைக் குறைக்கும், ஆனால் சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், மனச்சோர்வு வரலாம் என்றும் அவரே சொன்னார், நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டிரான்ஸ்பிளான்ட்? பின்மண்டை முடியைப் பிடுங்கித்தான் முன்னால் நடுவார்கள். பின்மண்டையும் மெலிந்திருந்தால் நாற்றங்காலே சரியில்லை, எதைப் பிடுங்கி நடுவது?

ஆக, இப்போதைக்குத் தலையில் விடும் மினாக்சிடில் 5 சதவீதம். ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததால் தலைக்கு வந்தது. வேளைக்கு 1 மில்லி, நாளைக்கு இரண்டு வேளை, 60 மில்லி பாட்டில் என்றால் சரியாக 30 நாள் வரவேண்டுமா இல்லையா? எனக்கு 24 நாளில் காலி! கணக்குப் போட்டேன், தினம் அரை மில்லி என் புருவத்துக்குப் போயிருக்கிறது. அந்த டிராப்பரை வடிவமைத்த ஆளுக்குத் தலையே கிடையாது போல, அழுத்தினால் ஒரே வழிசல். பாட்டில் 640 ரூபாய் மக்களே, 6 நாள் மருந்து என்றால் 128 ரூபாய், இரண்டு பிரியாணிக்குக் கிட்ட... சரி, ஒரு பிரியாணி. இப்போது வால் சீப்பால் வரி வரியாக வகிடு எடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வரிக்குக் கொஞ்சமாக விடுகிறேன். சிரிஞ்ச் 8 ரூபாய்! ஒரு சொட்டு வழியவில்லை. அன்றைக்கு நான் குதித்ததை அம்மா வீடியோ எடுக்காதது பெரிய நஷ்டம்.

முதல் சில வாரம் இன்னும் கொட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள், நான் நிறுத்தப் பார்த்தேன். நாலு மாதமாவது போகவேண்டும், நிறுத்தினால் வந்ததும் போய்விடும்.

அய்யோ, முடிக்கு நல்லது என்று விற்கிற பயோட்டின் வைட்டமினை மறந்தேன். ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் அதை நிறுத்தச் சொன்னார் டாக்டர், தைராய்டு ரிசல்ட்டையே மாற்றிக் காட்டுமாம். ஆசையாக வாங்கிய பயோட்டின் ஜெல்லி மிட்டாய் இரண்டு டப்பா அலமாரியில் தூங்குகிறது.

இன்னொன்று, இது முக்கியம். மினாக்சிடில் பூனைக்கு விஷம், தலையணையில் ஒட்டியிருப்பதை நக்கினால்கூட ஆபத்து. அதனால் நம்ம குட்டையனுக்கு என் அறைக்குள் அனுமதி இல்லை. கேட்கிறதா, கதவைப் பிறாண்டுகிறான். இருடா, கை கழுவிவிட்டு வருகிறேன்.