வெட்டாமல் அவிழுமா? மூவிலை முடிச்சும் ஒரு நேர்கோடும்

(காட்சி: சுங்கை சிப்புட், பூக்கடை அஞ்சடி. மேசைமேல் சிவப்பு ரஃபியா கயிறு.)

வணக்கம். பேராக் மாநிலத்தில், தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டில் ஒரு பூக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ரஃபியா கயிற்றில் சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, இரு முனைகளையும் லைட்டர் நெருப்பில் உருக்கி ஒட்டிவிட்டேன். இனி இதற்கு முனை கிடையாது. கணிதத்தில் இது மூவிலை முடிச்சு.

மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா இதை வாங்கிப் பார்த்தார். "வெட்டாமல் அவிழ்க்க முடியாதா தம்பி?" என்று கேட்டுவிட்டு, கால் மணி நேரம் இழுத்தார், திருப்பினார், ஒரு வளைவுக்குள் இன்னொன்றை நுழைத்தார். அவிழவில்லை. பூ கட்டிப் பழகிய கை அது. ஆனாலும் அவர் கையில் அவிழவில்லை என்பதால் யார் கையிலும் அவிழாது என்று ஆகிவிடுமா? அதற்கு நிரூபணம் வேண்டும்.

(காட்சி: முடிச்சின் படம், மூன்று துண்டுகள் மூன்று நிறத்தில்.)

கயிற்றை விடுங்கள், அதைச் சுற்றியிருக்கும் வெளியைப் பாருங்கள். உங்கள் கண்ணிலிருந்து ஒரு நூல் புறப்பட்டு, கயிற்றின் ஒரு துண்டுக்கு அடியில் நுழைந்து, மீண்டும் கண்ணுக்கே வருகிறது. கயிறு அடியில் போகும் இடங்களில் கோடு விட்டுப்போவதால் படத்தில் மூன்று துண்டுகள்; ஆகவே மூன்று சுற்றுகள்: அ, இ, உ. ஒன்றை முடித்த கையோடு அடுத்ததைச் சுற்றுவதுதான் பெருக்கல். கயிறு தன்னையே கடக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு சமன்பாடு தரும். எல்லாம் சேர்ந்தால் அஇ = இஉ = உஅ. இதில் உ-வை நீக்கினால் மிஞ்சுவது:

அஇஅ = இஅஇ

இந்தச் சுற்றுகளும் அவற்றின் பெருக்கலும் சேர்ந்ததே இந்த முடிச்சின் குலம் (group). கயிற்றை வெட்டாமல் எப்படி இழுத்தாலும் குலம் மாறாது. கணிதவியலாளர் வில்ஹெல்ம் விர்ட்டிங்கர் காட்டிய வழி இது. முடிச்சே இல்லாத வெறும் வளையத்துக்கு ஒரே எழுத்துதான். சமன்பாடு எதுவும் இல்லை.

எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு குலங்களை ஒப்பிடுவது பெரும்பாடு. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அணியை (matrix) வைப்போம்: இரண்டு வரிசை, இரண்டு நிரல், உள்ளே கலப்பெண்கள், அணிக்கோவை (determinant) 1. சமன்பாட்டுக்குப் பொருந்தும் அணிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வடிவமாகின்றன. அந்த வடிவத்தை வரையறுப்பவை பல்லுறுப்புக் கோவைகள். இயற்கணித வடிவியல் இங்கே நுழைகிறது. 1983இல் மார்க் கல்லர், பீட்டர் ஷாலன் இருவரும் இந்த வடிவத்திலிருந்தே ஒரு பெரிய கோட்பாட்டைக் கட்டினார்கள்.

(காட்சி: வெள்ளைத்தாள், பேனா.)

வரைந்தே பார்ப்போம். அணியின் மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகை அதன் சுவடு. அ-வின் சுவடு க, இ-க்கும் அதேதான். அஇ-யின் சுவடு ப.

முதலில், அஇ = இஅ என்று வைத்துக்கொள்வோம். சமன்பாடு அ = இ என்று சுருங்கிவிடும். கிடைப்பது ப = க² − 2, ஒரு பரவளையம்.

இப்போது அஇ வேறு, இஅ வேறு. அஇஅ-வின் இருமடியும் அஇ-யின் மும்மடியும் ஒன்றே. அந்த அணி அ, இ இரண்டோடும் இடம் மாறிப் பெருக்கினாலும் மாறாது. அப்படிப்பட்ட அணி இங்கே அலகு அணி, அல்லது அதன் −1 மடங்கு. சரிபார்த்தால் −1தான் நிற்கிறது. அஇ-யின் மும்மடி −1, ஆனால் அஇ-யே −1 இல்லை; அப்படியானால் அதன் சுவடு 1. ஆக ப = 1. படுக்கையாக ஒரு நேர்கோடு!

வெறும் வளையத்தில் எல்லாம் ஓர் எழுத்தின் அடுக்குகள்; இடம் மாற்றிப் பெருக்கினால் வித்தியாசமே வராது. இந்த நேர்கோடு அங்கே தோன்ற வழியில்லை. எனவே அக்கா, இந்த முடிச்சு யார் கையிலும் அவிழாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். கோடும் பரவளையமும் எங்கே வெட்டுகின்றன? க² = 3. அதாவது க = ±√3. √3 என்பது 30 பாகையின் கொசைனைப்போல் இரு மடங்கு. ஜேம்ஸ் அலெக்சாண்டர் 1928இல் வெளியிட்ட முறைப்படி இந்த முடிச்சுக்கு உரிய பல்லுறுப்புக் கோவை ட² − ட + 1. அதன் மூலங்கள் அலகு வட்டத்தில் ±60 பாகையில் நிற்கின்றன, அந்த 30 பாகையின் சரியாக இரு மடங்கு! இது தற்செயல் இல்லை என்பதை 1967இல் புர்டே, டி ராம் இருவரும் தனித்தனியே விளக்கினார்கள்.

(காட்சி: அக்காவின் கையில் இன்னொரு முடிச்சு.)

"இது சரி, வேறு முடிச்சு போட்டால்?" என்கிறார் அக்கா. 2004இல் க்ரோன்ஹைமர், ம்ரோவ்கா என்ற கணிதவியலாளர்கள் நிரூபித்தது அதைத்தான்: அவிழாத முடிச்சு எதுவாக இருந்தாலும், இடம் மாறினால் பெருக்கல் மாறும் அணிகள் அதன் குலத்துக்கு உண்டு.