எழுதியவர் பெயரும் போஸ்டரில் வரட்டும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நீதியரசர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து வரவேற்ற திரைப்படக் கழகச் செயலாளர் அவர்களே, திரண்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

ஜெர்மன் மௌனப்படங்களுக்குத் திரைக்கதை எழுதிய கார்ல் மேயரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அவர் வளர்ந்த விதம், எழுதிய விதம், லண்டனில் கழித்த கடைசிக் காலம்.

1894-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் சூதாட்டத்தில் அழிந்து தற்கொலை செய்துகொள்ள, தம்பிகளைக் காப்பாற்றும் பாரம் பதினாறு வயதுப் பையன் தலையில் விழுந்தது. பாரோமீட்டர் விற்றார், நாடகங்களில் துண்டு வேஷம் கட்டினார். முதல் உலகப் போர் முடிந்ததும் பெர்லினில் ஹான்ஸ் ஜானோவிட்ஸோடு சேர்ந்து 'டாக்டர் காலிகாரி' கதையை எழுதினார். 1920-ல் வந்த அந்தப் படத்தை இன்றும் உலகம் பேசுகிறது. எழுதிய இருவரையும் எத்தனை பேர் பேசுகிறார்கள்? நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழிதான்: உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.

சரி, 1924-ல் முர்னோ இயக்கிய 'கடைசி மனிதன்' படத்துக்கு வருவோம். பெரிய ஹோட்டல், வாசலில் வயதான காவல்காரர். எமில் ஜானிங்ஸ் நடித்தார். பளபளக்கும் பொத்தான்கள் வைத்த நீளக் கோட்டு. அந்தக் கோட்டுக்காகவே குடியிருப்பில் அத்தனை பேரும் சலாம் போடுகிறார்கள். ஒருநாள் பாரமான பெட்டியை இறக்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவரை மேனேஜர் பார்த்துவிடுகிறார். போதாதா? கோட்டைக் கழற்றிக்கொண்டு கழிப்பறையில் துண்டு எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டிலோ கல்யாணம். கிழவர் கோட்டைத் திருடி மாட்டிக்கொண்டு போகிறார்! இவ்வளவையும், மௌனப்படங்களில் காட்சிகளுக்கு நடுவே எழுத்தாகக் காட்டும் வசன அட்டையே இல்லாமல் சொன்னார் மேயர். தந்தி வாசகம் போலச் சின்னச் சின்ன வரிகளாக எழுதுவார். கேமரா எப்படி நகரவேண்டும் என்பதும் அந்த வரிகளிலேயே இருக்கும். கடைசியில் ஒரே ஓர் அட்டை வருகிறது. உண்மை வாழ்க்கையில் இந்தக் கிழவருக்குச் சாவைத் தவிர வேறு கதியில்லை, ஆனால் ஆசிரியர் இரக்கப்பட்டு நடக்க முடியாத ஒரு முடிவைத் தந்திருக்கிறார் என்கிறது அது. அப்புறம் பார்த்தால் கிழவர் ஒரு கோடீஸ்வரரின் சொத்துக்கு வாரிசு! படமே ஆசிரியரைக் குறிப்பிட்டுச் சொல்கிறது, நாம் ஏன் சொல்லக்கூடாது?

லண்டனைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. யூதரான மேயர் நாஜிகள் காலத்தில் ஜெர்மனிக்கு வெளியே வாழ்ந்தார். 1944-ல் லண்டனில், கையில் காசில்லாமல், புற்றுநோயால் இறந்தார். உழுதவன் கணக்கு அங்கேயும் அதுதான்.

செயலாளர் அவர்களுக்கு என் கோரிக்கை. அடுத்த மாதம் 'கடைசி மனிதன்' திரையிடும்போது போஸ்டரில் முர்னோ பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கார்ல் மேயர் பெயரையும் போடுங்கள். அதற்குப் பிறகு கழகம் காட்டும் ஒவ்வொரு படத்துக்கும், தமிழ்ப் படமானாலும், இதையே விதியாக்குங்கள். தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் அவையின் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும்.