கூரையைப் பார்க்கத் தெரிந்தால் போதும்

நண்பர்களே, வணக்கம். இங்கிலாந்தின் பழைய கல் வீடு என்றால் பிரபுக்களின் மாளிகைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பேசப்போவது ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டைப் பற்றி. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் இன்னும் சின்ன ஆறாக ஓடும் இடத்தில், கெல்ம்ஸ்காட் என்று ஒரு கிராமம். அங்கே 1600 வாக்கில் டர்னர் என்ற வசதியான உழவர் குடும்பம் கட்டிய வீடு. சுவர் அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், ஜன்னல்களைக் கல் சட்டங்கள் பிரிக்கின்றன. அதெல்லாம் அந்த வட்டாரத்தில் எங்கும் பார்க்கலாம்.

கூரைக்கு வருவோம், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கூரையில் இருப்பது ஓடு இல்லை, கல். கீழ் விளிம்பில் பெரிய கல் பலகைகள், மேலே போகப் போகச் சின்னது, முகட்டுக்குப் பக்கத்தில் ரொம்பச் சின்னது. அழகுக்காகச் செய்தது என்று தோன்றும். ஆனால் மழைநீர் கீழே வர வரத்தான் சேரும், அங்கே இடுக்குகள் குறைவாக இருப்பது நல்லது. கனமான கல் சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் மரச்சட்டங்களுக்கும் பாரம் குறையும். அப்புறம், குவாரியில் கல் ஒரே அளவில் கிடைக்காது, இப்படி அடுக்கினால் சின்னத் துண்டும் வீணாகாது. சிக்கனம்தான் அழகாகிவிட்டது, வேறொன்றும் இல்லை!

அந்தக் கல்லைப் பிளப்பதும் வேடிக்கையான வேலை. அதே மாவட்டத்து ஸ்டோன்ஸ்ஃபீல்டு கிராமத்தில், அந்தக் காலத்தில், தோண்டிய கல்லை உலரவிடாமல் வைத்திருந்து, குளிர்காலத்தில் உறைபனி இறங்கும் இரவுகளில் வெளியே பரப்பித் தண்ணீர் ஊற்றுவார்கள். கல்லின் அடுக்குகளுக்குள் புகுந்த நீர் உறைந்து விரிய, கல் தானாகவே பிளந்துகொடுக்கும். பனி ஏமாற்றினால் அந்த வருஷம் கல்லும் குறைவாகத்தான் கிடைத்தது.

1871இல் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவர் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ், கூடவே ஓவியர் ரோசெட்டி. மோரிஸ் 1896இல் இறக்கும்வரை வாடகைக்காரர்தான். அவர் மனைவி ஜேன் 1913இல்தான் வீட்டை விலைக்கு வாங்கினார். பழைய தேவாலயங்களைப் 'புதுப்பிக்கிறோம்' என்று சுரண்டித் தள்ளிய காலம் அது. பக்கத்து ஊரான பர்ஃபோர்டு தேவாலயத்தில் நடந்த வேலையைப் பார்த்துக் கொதித்துப்போன மோரிஸ், 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் கொள்கை எளிது: ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக்கொடு, மற்றபடி கைவைக்காதே. எனக்கு இதில் முழுச் சம்மதம். இந்த வீட்டோடு 17ஆம் நூற்றாண்டில் ஒட்டிக் கட்டிய வடகிழக்குப் பகுதியை, 'மூலத்தில் இல்லை' என்று யாராவது இடித்திருந்தால் பாதி வீடு போயிருக்கும்.

இப்போது வீடு லண்டன் தொல்பொருள் ஆய்வாளர் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது, பெரிய பராமரிப்பு வேலைக்குப் பிறகு 2022இல் மறுபடி திறந்தார்கள். போனால் கீழே திரைச்சீலைகளோடு நின்றுவிடாமல் பரண் அறைகளுக்கும் ஏறிப் பாருங்கள், அத்தனை கல்லையும் தாங்கும் மரச்சட்டங்கள் அங்கே மறைப்பில்லாமல் தெரியும்.