அபாண்டன்ல ஆரம்பிக்கிற நோட்டு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருந்தா கை தூக்குங்க, மைக்க இன்னும் கிட்ட வச்சுக்கிறேன்.

என்னைப் பேசச் சொன்னதே ஒரு கேள்வியால தான். "ஏம்மா, தமிழச்சி நீ, சீனவங்களுக்கு எப்படி இங்கிலீஷ் சொல்லித் தர்ற?"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. நான் இங்க சிங்கப்பூர்ல சாயங்கால வகுப்பு எடுக்குறேன், வர்றவங்க முக்காவாசி சீனாவுல இருந்து வந்தவங்க, சமையல்கட்டுல வேலை பாக்குறவங்க, கடையில நிக்கிறவங்க, அப்புறம் "பெய்தூ மாமா"க்கள். மாமான்னதும் நம்ம மாமாவ நினைச்சுடாதீங்க, சீனத்துல மாமான்னா அம்மா. புள்ளைங்க இங்க ஸ்கூல்ல படிக்குது, கூடவே இருந்து பாத்துக்கணும்னு ஊரை விட்டு வந்த அம்மாக்களுக்குத் தான் அந்தப் பேரு. முதல் நாள் ஒருத்தங்க "ஐ ஆம் பெய்தூ மாமா"ன்னாங்க, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல, அப்புறம் நம்ம ஊர்ல மாமான்னா யாருன்னு விளக்க, அவங்களும் சிரிச்சாங்க.

நீங்க நினைக்கிற மாதிரி இவங்களுக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாம இல்லீங்க. அங்க காவ்காவ்னு ஒரு பரீட்சை, காலேஜ் போறதுக்கு, ஜூன் மாசம் வரும், பெரும்பாலான மாகாணங்கள்ல மொத்தம் 750 மார்க்ல இங்கிலீஷுக்கு மட்டும் 150. அதுக்கு சுமார் 3500 வார்த்தை மனப்பாடம் பண்ணணும். காலேஜ் போனா அங்க இன்னொரு பரீட்சை, இன்னொரு வார்த்தைப் புத்தகம். அந்தப் புத்தகம் நிறைய ஏ பி சி வரிசையில இருக்கும், தொறந்தா முதல் வார்த்தையே "அபாண்டன்". அதாவது கைவிடு. படிக்க உக்காந்த அன்னிக்கே "விட்டுரு"ன்னு புத்தகமே சொல்லுது பாருங்க! சீனாவுல இது பெரிய ஜோக். நாலு தடவை படிக்க ஆரம்பிச்சு நாலு தடவையும் விட்டவங்களுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் ஜென்மத்துக்கும் மறக்காது.

என் வகுப்புல ஒரு அம்மா, நாப்பது வயசு தாண்டினவங்க, அவங்க நோட்டை நான் இப்பவும் மறக்கல. நடுவுல ஸ்கேல் வச்சு கோடு, இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் ரெண்டு சீன எழுத்து, அவ்வளவு தான். பக்கம் பக்கமா அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் கிடையாது. அதைப் பாத்து எனக்குப் பாவமாவும் இருந்துச்சு கோவமாவும் இருந்துச்சு, அவங்க மேல இல்ல, அந்த நடுக்கோட்டு மேல. ஏன்னா அந்தக் கோடு என்ன சொல்லுதுன்னா, இந்தப் பக்கம் ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் அதுக்குச் சமமா ஒரு வார்த்தை, தராசு மாதிரி. அப்படி ரெண்டு மொழியும் எந்தக் காலத்துலயும் தராசுல நின்னதில்ல.

"காய்"னு ஒரு சீன வினை. நம்ம காய்கறி காய் மாதிரியே தான், கொஞ்சம் மூச்சைத் தள்ளிச் சொல்லணும். நோட்டுல ஓப்பன், அந்தப் பக்கம் காய். சரி தான், கதவைத் தொற, ஜன்னலைத் தொற, அதுவரைக்கும் பிரச்சனை இல்ல. ஆனா லைட் போடுறதும் காய், கார் ஓட்டுறதும் காய், மீட்டிங் நடத்துறதும் காய், டாக்டர் மருந்து எழுதிக் குடுக்குறதும் காய். அப்ப அவங்க இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாங்க? "ஓப்பன் தி லைட்." "டாக்டர் ஓப்பன் மெடிசின் ஃபார் மீ." கேக்குறவங்க டாக்டர் பாட்டில் மூடியைத் தொறந்து குடுத்தாருன்னு நினைப்பாங்க.

சிரிக்காதீங்க, நம்ம "போடு" மட்டும் என்னவாம்? லைட் போடு, சட்டை போடு, டீ போடு, ஊசி போடு, கையெழுத்து போடு, சண்டை போடு, முடிஞ்சா தூங்குறவன் மேல போர்வையும் போடு. எங்க அப்பா கடைசி வரைக்கும் இங்கிலீஷ்ல "புட் தி லைட்"னு தான் சொல்லுவாரு. அதனால தான் "ஓப்பன் தி லைட்"னு ஒருத்தர் சொன்னா எனக்கு அது தப்பாக் கேக்கல, அதுக்கு அடியில ஓடுற இன்னொரு மொழி கேக்குது. இங்கிலீஷ் மட்டுமே தெரிஞ்ச வாத்தியாருக்கு இது கேக்காது, நான் சொல்லித் தர்றதுல ஏதாவது விசேஷம் இருந்தா அது இவ்வளவு தான்.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா நம்ம ஊரு சிங்கப்பூரு. இங்க கோப்பிக்கடையில பாதி பேரு "ஓப்பன் தி லைட்"னு தான் சொல்றாங்க, மீதி பேரு "ஆன் தி லைட்". 2000ல இருந்து நல்ல இங்கிலீஷ் பேசுங்கன்னு இயக்கமே நடத்துறாங்க, ஆனாலும் ஓப்பன் ஓப்பன் தான். ஒரு பையன் கேட்டான், "டீச்சர், வெளிய எல்லாரும் இப்படித் தானே சொல்றாங்க, நீங்க ஏன் திருத்துறீங்க?"ன்னு. நியாயமான கேள்வி. வெளிய சொல்லு, புரியும், பரீட்சைப் பேப்பர்ல எழுதாத, மார்க் போயிரும்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

அடுத்து "ஜியே". கடன் வாங்குறதும் ஜியே, கடன் குடுக்குறதும் ஜியே. "கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" இதுவும் சிங்கப்பூர் பூரா கேக்கும். நமக்கு வாங்கு, குடுன்னு தெளிவா ரெண்டு வினை இருக்கறதால பாரோ, லென்ட் பெருசா குழம்பாது. அவங்களுக்கு எப்படிச் சொல்றது? ரெண்டு மாசம் படம் வரைஞ்சேன், அம்புக்குறி போட்டேன், ஒண்ணும் நிக்கல. அப்புறம் தான் உறைச்சுது, அவங்க மொழியிலயே அதுக்கு வழி இருக்கு, குடுக்குறப்ப "ஜியே"யோட "கெய்" சேத்துச் சொல்லுவாங்க, கெய்ன்னா குடு. கெய் சேர்ந்து வந்தா லென்ட், இல்லாட்டி பாரோன்னு சொன்னேன், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. ரெண்டு மாசம் வீணடிச்சது நான் தான்.

சில தடவை இது விளையாட்டு இல்ல. ஒரு பையன், பெரிய சமையல்கூடத்துல வேலை, காலைல வயித்து வலி, மேலதிகாரிக்கு மெசேஜ் அனுப்பியிருக்கான், "டுடே ஐ ஆம் வெரி அன்கம்ஃபர்டபிள், ஐ டோன்ட் வான்ட் கம்." சீனத்துல "பூ ஷூஃபு"ன்னு சொல்லுவாங்க, உடம்பு சரியில்லைன்னு அர்த்தம், நோட்டுல எதிர்ப்பக்கம் அன்கம்ஃபர்டபிள். ஆனா இங்கிலீஷ்ல அந்த வார்த்தைய வேலை எடத்துல சொன்னா யாரோ ஏதோ தப்பா நடந்துக்கிட்டாங்கன்னு தான் படிப்பாங்க. அவனைக் கூப்பிட்டு ஒரு ரூம்ல உக்கார வச்சு, யாரு உன்னை என்ன பண்ணாங்க, பயப்படாம சொல்லுன்னு ரெண்டு பேரு விசாரிச்சாங்களாம். இவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். கடைசியில ஒரு சீன அக்கா வந்து சொன்னப்புறம் தான் விட்டாங்க. அன்னிக்கு வகுப்புல அந்த ஒரு வார்த்தைய மட்டும் ஒரு மணி நேரம் நடத்துனேன். நாற்காலி அன்கம்ஃபர்டபிள், செருப்பு அன்கம்ஃபர்டபிள், நான் அன்கம்ஃபர்டபிள்னா அது வேற கதை.

சரி, அகராதி இதுக்கு உதவாதான்னு கேப்பீங்க. உதவும், நல்லாவே உதவும். ஹார்ன்பின்னு ஒரு இங்கிலீஷ்காரர் ஜப்பான்ல வாத்தியார் வேலை பாத்தவர், அவரும் கூட ரெண்டு பேரும் சேர்ந்து வெளிநாட்டு மாணவங்களுக்குன்னே செஞ்ச அகராதி 1942ல தோக்கியோவுல வந்துச்சு, அதைத் தான் 1948ல ஆக்ஸ்ஃபோர்டு எடுத்துப் போட்டாங்க. அர்த்தம் மட்டும் இல்லாம இந்த வினைக்குப் பின்னாடி எது வரும், எப்படி வாக்கியத்துல உக்காரும்னு காட்டுன புத்தகம் அது. அப்புறம் 1978ல லாங்மன் அகராதிக்காரங்க, சுமார் 2000 எளிய வார்த்தைக்குள்ள தான் எல்லா விளக்கமும் எழுதுவோம்னாங்க. 1987ல கோபில்ட்னு இன்னொரு அகராதி, இன்னும் ஒரு படி மேல, அர்த்தத்தையே முழு வாக்கியமா, நீங்க ஒரு பொருளை பாரோ பண்ணா இப்படி இப்படி நடக்குதுன்னு பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி எழுதுனாங்க.

இதெல்லாம் சீனாவுலயும் கிடைக்குது, "ஷுவாங்ஜியே"ன்னு பேரு, ரெட்டை விளக்கம், இங்கிலீஷ் விளக்கமும் இருக்கும் பக்கத்துலயே சீன அர்த்தமும் இருக்கும். அதுல தான் வம்பு. நான் வகுப்புல கவனிச்சிருக்கேன், கண்ணு இங்கிலீஷ் விளக்கத்து மேல நிக்கவே நிக்காது, தண்ணி பள்ளத்துக்கு ஓடுற மாதிரி நேரா சீன எழுத்துக்கு ஓடிரும். நானும் அப்படித் தான் படிச்சேன், குறை சொல்லல.

அதனால அந்த அம்மாவோட நோட்டுல நான் இன்னொரு கோடு போடச் சொன்னேன், மூணாவது கட்டம், அதுல "கூட யாரு வர்றா?", அதாவது அந்த வார்த்தை கூட எந்த வார்த்தை வரும்னு எழுதணும். இங்கிலீஷ்ல மழை ஹெவி, அவங்க ஊர்ல மழை பெருசு. இங்கிலீஷ்ல டீ ஸ்ட்ராங், அவங்க ஊர்ல டீ அடர்த்தி. நாம பிளாக் டீன்னு சொல்றதை அவங்க சிவப்பு டீன்னு சொல்லுவாங்க. வார்த்தையைத் தனியாப் பிடிச்சா கையில வெறும் தோல் தான் வரும், கூட வர்ற ஆளோட சேத்துப் பிடிக்கணும்.

நம்பர் விஷயத்துல மட்டும் எனக்கு அவங்க மேல தனிப் பாசம். அவங்க பத்தாயிரத்துக்கு "வான்"னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, பத்துக் கோடிக்கு "யீ". மில்லியன்னா அவங்களுக்கு நூறு வான், பில்லியன்னா பத்து யீ. சீனாவோட ஜனத்தொகைய இங்கிலீஷ்ல சொல்லுன்னா 14 யீன்னு மனசுல வச்சுக்கிட்டு, சைபரை விரல் விட்டு எண்ணி, வேர்த்து, கடைசியில பதினாலு பில்லியன்னு சொல்லிருவாங்க. லட்சம் கோடியில வளர்ந்த எனக்கு இந்த வேர்வை நல்லாத் தெரியும், 140 கோடிய 1.4 பில்லியன் ஆக்குறதுக்கு நானும் இன்னிக்கு வரைக்கும் சைபர் தான் எண்றேன். இதே மாதிரி தான் அங்கிளும். சித்தப்பாவா பெரியப்பாவா மாமாவான்னு சொல்லாம வெறும் அங்கிள்னு எப்படி ஒரு மனுஷனைக் கூப்பிடுறதுன்னு நாம கேக்குற அதே கேள்விய அவங்களும் கேக்குறாங்க.

ஹீ, ஷீ குழப்பத்தைப் பத்தி ரொம்பப் பேசல. பேச்சுல ரெண்டுமே "தா", எழுத்துல மட்டும் வேற வேற, அந்தப் பொம்பளை "தா" எழுத்தே 1920 வாக்குல தான் பரவுச்சு. மனைவிய "ஹீ"ன்னு சொன்னா அது மரியாதைக் குறைவு இல்ல, நாக்கு பழகல, அவ்வளவு தான்.

ஒரு நாள் வகுப்பு ரொம்ப சோர்வா இருந்துச்சு, எல்லாரும் வேலை முடிச்சு வந்தவங்க. புத்தகத்தை மூடிட்டு, இங்கிலீஷ்காரங்க மட்டும் தான் நமக்கு வார்த்தை குடுத்தாங்கன்னு நினைக்காதீங்கன்னேன். விடாதே, தைரியமாப் போன்னு உற்சாகப்படுத்துற உங்க "ஜியாயோ"வ, எண்ணெய் ஊத்துன்னு நேரடி அர்த்தம், அப்படியே "ஆட் ஆயில்"னு 2018ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில சேத்துட்டாங்கன்னேன், கை தட்டுனாங்க. பழைய சீன நாணயம், நடுவுல சதுர ஓட்டை போட்டது, அதுக்கு இங்கிலீஷ்ல "கேஷ்"னு பேரு, அந்தப் பேரு எங்க தமிழ் "காசு", போர்ச்சுகீசியர் வாய் வழியாப் போனதுன்னேன். ஒரு நிமிஷம் அமைதி. சீனாவுல ஃபூஜியன்னு ஒரு மாகாணம், அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தர் "அப்ப நாங்க உங்களுக்கு என்ன குடுத்தோம்?"னாரு. உங்க ஊர்ல டீக்கு என்ன பேருன்னு கேட்டேன், "தே"ன்னாரு. நான் போர்டுல தமிழ்ல "தேயிலை"ன்னு எழுதி முதல் எழுத்துல வட்டம் போட்டேன்.

அந்த நோட்டு அம்மா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாங்க, "டீச்சர், கம் மை ஹவுஸ் ப்ளே." சீனத்துல வீட்டுக்கு வந்து பேசிட்டுப் போறதுக்கும் விளையாடுறதுக்கும் ஒரே வார்த்தை. அம்பது வயசுல என்னை யாரும் விளையாடக் கூப்பிட்டதில்ல, திருத்தாம போனேன். ஒரு ரூம் தான், மகன் கட்டில்ல உக்காந்து படிக்கிறான், மடிப்பு மேசையில மாவு பெசஞ்சு நம்ம கொழுக்கட்டை மாதிரி மடிச்சு மடிச்சு வச்சிருந்தாங்க. சாப்பிட்டு, பேசி, கிளம்புறப்ப லிஃப்ட் வரைக்கும் வந்து "டீச்சர், வாக் ஸ்லோலி"ன்னாங்க. எனக்கு முழங்கால் வலின்னு நினைச்சுட்டாங்களோன்னு ஒரு செகண்ட் தோணுச்சு. அப்புறம் புரிஞ்சுது, "மன் சோ", மெல்ல நடங்க. நம்ம வீட்டுல பாத்துப் போங்கன்னு சொல்றோமே, அதே தான்.

"இது இங்கிலீஷ்ல எப்படி டீச்சர்?"னு கேட்டாங்க, கையில நோட்டு கூட இருந்துச்சு. டேக் கேர்னு சொல்ல வாயெடுத்தேன், பை பைன்னு சொல்லலாமான்னு பாத்தேன், ரெண்டுமே சரியா வரல. லிஃப்ட் வந்துருச்சு. இடது பக்கத்தைக் காலியா விட்டு வைங்க, அடுத்த வகுப்புல சொல்றேன்னேன்.