பெயின்ட் உரிஞ்சு வருது, எந்த பிரைமர் வாங்கலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

தேவகோட்டையிலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். "அண்ணே, 1:24 ரெசின் மாடல் கார் கிட், நிஜக் காருல 24-ல ஒரு பங்கு அளவு. பிரைமர்னு அடிப்பூச்சு, மேல பெயின்ட் எல்லாம் அடிச்சு, ரெண்டாவது கலருக்காக மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்தேன். டேப்போட பிரைமரும் சேர்ந்து வந்திருச்சு. வேற எந்த பிரைமர் நல்லது?"

பிரைமரை விடுங்க தம்பி. பார்ட்டைக் கழுவினீங்களா? வழக்கமா பாக்குறவங்க சிரிப்பீங்க, இவரு மறுபடியும் கழுவுறதுக்கே வந்துட்டாருன்னு. வந்துதான் ஆகணும். ஆச்சி குழிப்பணியாரம் சுடுறப்ப ஒவ்வொரு குழியிலயும் எண்ணெய் விடுறாங்கல்ல? ஒட்டாம கழண்டு வரணும்னு. சுட்டதை எடுத்தா விரல்லயும் எண்ணெய். ரெசினும் அதே கதைதான். சிலிக்கான் அச்சுல பாலியூரித்தேன்ங்கிற ரெசினை ஊத்தி வார்க்கிறாங்க. அச்சு கிழியாம பார்ட் வெளிய வரணும்னு ரிலீஸ் ஏஜென்ட் அடிச்சிருப்பாங்க. அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. எதுவும் ஒட்டக்கூடாதுன்னே செஞ்ச சாமான் அது, உங்க பிரைமரை மட்டும் எப்படி ஒட்டவிடும்?

வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு. கால் மணி நேரம் ஊறட்டும். பழைய டூத் பிரஷ்ஷால பேனல் கோடு, கதவு இடுக்கு, பம்பரோட உள்பக்கம் எல்லாம் தேச்சு, நல்ல தண்ணியில அலசுங்க. கீழ ஒரு டீ வடிகட்டி இருக்கட்டும், இல்லாட்டி சைடு மிரர் சாக்கடைக்குப் போயிரும். ராத்திரி பூரா நிழல்ல காயட்டும். சீக்கிரம் காயுமேன்னு நம்ம ஊரு சித்திரை வெயில்ல மொட்டை மாடியில வைக்காதீங்க, மெல்லிசான பார்ட் வளைஞ்சிரும். வளைஞ்சே வந்திருந்தா, கொதிக்காத சுடுதண்ணியில அரை நிமிஷம் போட்டு, நிமிர்த்தி, அப்படியே பிடிச்சுக்கிட்டு பச்சத்தண்ணியில முக்குங்க. நிமிர்ந்தபடியே நின்னுரும்.

உங்க காருக்கு: தளர்ந்த பெயின்ட்டை டேப்பாலயே உரிச்சு எடுத்துருங்க. மிச்சத்தை 600 நம்பர் உப்புத்தாளால தண்ணி தொட்டுத் தேய்ங்க. வறட்டுத் தேய்ப்பு வேணாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தேச்சப்புறம் இன்னொரு தடவை கழுவுங்க. ஆமா, இன்னொரு தடவை! அதுக்கப்புறம் வெறுங்கையால தொடாதீங்க.

தம்பி கேக்காத ஒண்ணு, கேட்டிருக்கணும்: எதை வச்சு ஒட்டுறது? பிளாஸ்டிக் கிட்டுக்கு வாங்குன சிமென்ட்ங்கிற பசை இங்க எடுபடாது. அது அந்தக் கிட்டோட பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுறது, பாலியூரித்தேன் அதுக்கு உருகாது. சூப்பர் குளூ, இல்ல ரெண்டு டியூப்பையும் சம அளவு கலக்குற எபாக்சி. சூப்பர் குளூ இழுத்தாத் தாங்கும், ஒரு தட்டு தட்டுனா விட்டுரும். அதனால பம்பர், மிரர், சக்கர அச்சு மாதிரி பாரமோ இடியோ விழுற இடத்துல பின் வைங்க. 0.8 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, கை டிரில்லால 3, 4 மில்லிமீட்டர் ஆழம். ரெண்டு ஓட்டையும் நேரா வரணுமா? ஒரு பக்கம் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வாய்ல சொட்டு பெயின்ட் வச்சு, எதிர்ப்பக்கத்தை அழுத்துங்க. புள்ளி விழுந்த இடத்துல அடுத்த ஓட்டை.

கடைசியா ஒண்ணு: ரெசின் வார்க்கிறப்ப விழுந்த காத்துக்குமிழி ஓட்டை பிரைமர் அடிச்சப்புறந்தான் பல்லைக் காட்டும். சூப்பர் குளூ ஒரு சொட்டு, மேல ஆப்பசோடா தூவுங்க, உடனே இறுகிரும். அன்னிக்கே தேச்சிருங்க. மறுநாளைக்கு விட்டா ஒட்டு ரெசினைவிடக் கெட்டியாயிரும், நீங்க தேய்க்கத் தேய்க்க சுத்தியுள்ள ரெசின்தான் பள்ளமாகும்.