ஜன்னலைத் திறந்து வச்சு ஆல்ப்ஸ் மலை ஏறலாம் வாங்க

எல்லாருக்கும் வணக்கங்க! காத்துச் சத்தம் கேக்குதா? ரயில் ஜன்னலைக் கீழ இறக்கி வச்சிருக்கேன், அதான். சுவிட்சர்லாந்துல சென்ட் மோரிட்ஸ்ல ஏறினேன், இத்தாலியில இருக்கற டிரானோ வரைக்கும் போறேன். பெர்னினா லைன்னு பேரு. மொத்தமே 61 கிலோமீட்டர்தான், ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். அவ்ளோ வளைவு.

வரப்போறவங்களுக்காக முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இதே பாதையில பெர்னினா எக்ஸ்பிரஸ்னு ஒண்ணு ஓடுது, கூரை வரைக்கும் கண்ணாடி. அதுக்கு டிக்கெட்டுக்கு மேல சீட் ரிசர்வேஷனுக்குத் தனியாக் காசு கட்டணும், அந்தக் கண்ணாடியும் திறக்காது. ஊர்க்காரங்க போற சாதா ரயிலுக்கு ரிசர்வேஷனே வேண்டாம். தண்டவாளமும் அதேதான், மலையும் அதேதான். சில பெட்டியில இப்படி ஜன்னலைத் திறந்துக்கலாம். என்னைக் கேட்டா இதுலதான் வரணும்னு சொல்லுவேன். பனி வாசனை மூக்குல ஏறுதுங்க, ஈரக் கல்லை மோந்து பார்த்த மாதிரி.

எதிர் சீட்டுல ஒரு பாட்டி, கூட ஒரு பெரிய நாய். பெரிய நாய்க்கு இங்க டிக்கெட் எடுக்கணும். டிக்கெட் பாக்கறவர் வந்தார், பாட்டி ரெண்டு டிக்கெட் நீட்டினாங்க. அவர் ரெண்டையும் பார்த்துட்டு, குனிஞ்சு நாயோட காதைத் தடவிக் குடுத்துட்டுப் போனார். அது இப்ப என் ஷூ மேல தாடையை வச்சுத் தூங்குது. மெல்லக் காட்டறேன், எழுப்பிட வேண்டாம்.

நான் கோயமுத்தூர்க்காரன், மேட்டுப்பாளையம் ரயில்ல போய்ப் போய் வளந்தவன். அதனால இந்த ஏத்தத்தைப் பாக்கறப்போ மனசு தானா ஒப்பிடுது. ரெண்டும் மீட்டர் கேஜ். ரெண்டும் யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, நம்முது 2005ல, இது 2008ல. நம்ம ஊட்டி ரயிலுக்கு 12 அடி போனா 1 அடி ஏறற மாதிரி செங்குத்து, அதனால நடுவுல பல் வச்ச தண்டவாளம். கல்லாறு தாண்டினதும் என்ஜினோட பல்சக்கரம் அதுல மாட்டி ஏறுமில்ல? அந்தப் பல் அமைப்பு ரோமன் ஆப்டுங்கற சுவிஸ் என்ஜினியரோடது. நம்ம பழைய நீராவி என்ஜின்களும் இந்த நாட்டுல, விண்டர்தூர்ல செஞ்சு வந்ததுதான்! ஆனா இங்க பல்லே இல்லைங்க. 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏத்தம், வெறும் சக்கரப் பிடியிலயே ஏறுது. ஆரம்பத்துல இருந்தே கரண்ட்ல ஓடற பாதை, 1910ல முழுசாத் திறந்தது.

இதோ, ஓஸ்பிஸியோ பெர்னினா ஸ்டேஷன். 2253 மீட்டர், இதுக்கு மேல இந்த ரயில் ஏறாது. கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம்தான், ஆனா ஒரு மரம் கிடையாது. வர்ற வழியில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஏரி பார்த்தோமில்ல? ஒண்ணு கறுப்பு ஏரி, இன்னொண்ணு வெள்ளை ஏரி, பேரோட அர்த்தமே அதுதான். வெள்ளை ஏரியில பனிப்பாறை அரைச்ச கல்மாவு கலந்து, அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி இருக்கு. கறுப்பு ஏரித் தண்ணி டான்யூப் வழியாக் கருங்கடலுக்குப் போகுது, வெள்ளை ஏரித் தண்ணி இத்தாலியில ஓடற ‘போ’ங்கற ஆறு வழியா ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகுது. பக்கத்து வீடு மாதிரி இருந்துட்டு, போய்ச் சேர்ற கடல் வேற!

இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழட்டிட்டேன். போர்டெல்லாம் இத்தாலியன் ஆயிருச்சு. சின்ன ஸ்டேஷன்ல இறங்கணும்னா பஸ்ல மாதிரி பட்டன் அமுக்கணும், இல்லேன்னா நிக்காது.

புரூசியோ வந்துருச்சு, கேமராவைத் திருப்பறேன்! ஒன்பது கண் வச்ச கல்பாலம், வட்டமா வளையுது. இடமில்லாத பள்ளத்தாக்குல சரிவைக் குறைக்கறதுக்காக ரயிலை ஒரு சுத்து சுத்தி இறக்கறாங்க. இப்பப் பாலத்து மேல இருக்கோம்... சுத்திட்டோம்... இதோ, அதே பாலத்துக்கு அடியில நுழையறோம்! பாட்டி என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கறாங்க. எத்தனை தடவை பார்த்திருப்பாங்களோ, அவங்களும் எட்டித்தான் பாக்கறாங்க.

டிரானோ. ரயில் ரோட்டு மேலயே வருதுங்க! மாதா கோயில் வாசல், அதை ஒட்டித் தண்டவாளம், கார் எல்லாம் ஒதுங்கி நிக்குது.

இறங்கி ஒரு கடையில உக்காந்துட்டேன். பிட்சோக்கெரின்னு இந்தப் பக்கத்துச் சாப்பாடு. பக்வீட்னு ஒரு தானியம், அந்த மாவுல செஞ்ச பட்டை நூடுல்ஸ், கூட உருளைக்கிழங்கு, கோஸ், சீஸ், பூண்டு போட்டுக் காய்ச்சின வெண்ணெய். பூண்டு வாசனை வந்ததுமே பசி தாங்கலை. தட்டு வந்துருச்சு, ஆவி பறக்குது பாருங்க. சாப்பிட்டு வந்து பேசறேன்.